எண்ணெய் வந்த வழி

2020ஆம் ஆண்டு மார்ச் மாதம் இலங்கையில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் கார்களுக்கு அக்கதவு மீண்டும் திறந்தது 2025 பெப்ரவரியில்தான். இடைப்பட்ட ஐந்து ஆண்டுகளில் நமது வீதிகளில் ஓடிய கார்கள் யாவற்றுக்கும் ஐந்து வயது கூடியது. முன்னரே இருபது வயதைத் தாண்டியிருந்தவை இன்னும் மூப்படைந்தன. புதியது வாங்க வழியில்லை. பழையதை விற்றால் நல்ல விலை கிடைக்கும். ஆனால் விற்றவர் மறுபடி ஒன்றை வாங்க முடியாது. ஆகவே, இருப்பதை ஓட்டிக்கொண்டிருப்பது என்ற ஒரே வழிதான் நடுத்தரக் குடும்பங்களுக்கு எஞ்சியது.

இந்தக் காலத்தில் கராஜ்களில் அடிக்கடி கேட்ட வாசகம் ஒன்று உண்டு: "எஞ்சின் செய்ய வேணும்." இந்த இரண்டு மூன்று சொற்களின் பெறுமதி சில இலட்சம் ரூபாய். பத்திரிகையாளன் என்ற வகையில் எனக்கு இந்த வாசகத்தின் மீது நெடுநாளாகவே ஒரு சந்தேகம். அது பொய் என்பதால் அல்ல. பல வேளைகளில் அது உண்மைதான். ஆனால் எதனை அளந்து பார்த்து அந்த முடிவுக்கு வந்தார்கள் என்று கேட்டால், பெரும்பாலும் பதில் கிடைப்பதில்லை.

2023ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் எனது நண்பர் ஒருவருக்கு இந்தத் தீர்ப்பு வழங்கப்பட்டது. அவர் ஓய்வுபெற்ற ஆசிரியர். ஊரில் எல்லோருக்கும் 'மாஸ்ரர்'. அவரிடம் இருப்பது ஜப்பானில் செய்யப்பட்ட 1500 சிசி பெற்றோல் கார். கடந்த நூற்றாண்டின் பிற்பகுதியைச் சேர்ந்தது. மாஸ்ரரின் துணைவியாருக்குச் சிறுநீரகம் செயலிழந்த நிலையில், வாரத்தில் இரண்டு நாட்கள் இரத்தச் சுத்திகரிப்புக்காக வைத்தியசாலைக்குச் செல்ல வேண்டும். போகும்போது பஸ்ஸில் போய்விடலாம். நான்கு மணிநேரச் சிகிச்சை முடிந்து திரும்பும்போது அந்த அம்மாவால் நிற்கவே முடியாது. ஆகவே அந்தக் கார் அவர்களுக்கு ஆடம்பரப் பொருள் அல்ல.

கார் நிற்கும்போது எஞ்சின் நடுங்குகிறது என்று அவர் ஒரு கராஜுக்குக் கொண்டு சென்றிருக்கிறார். அவர்கள் காற்றின் அளவைக் கட்டுப்படுத்தும் திறொட்டில் பகுதியைக் கழற்றிச் சுத்தம் செய்யப் போனபோது, அதற்குப் பின்னால் இருக்கும் இன்ரேக் மனிபோல்ட்டின் உட்புறம் எண்ணெயால் நனைந்திருந்தது. காற்று மட்டுமே போகவேண்டிய பாதை அது. அங்கே கறுத்த ஒயில் தேங்கியிருந்தால் யாருக்கும் அச்சம் ஏற்படும். விரலை விட்டு எடுத்து மாஸ்ரருக்குக் காட்டினார்களாம். "றிங் போயிட்டுது. எஞ்சின் செய்ய வேணும். மூண்டு இலட்சத்துக்குக் குறையாது" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். மாஸ்ரர் என்னிடம் வந்தது எஞ்சினைப் பற்றிக் கேட்பதற்கல்ல. துணைவியாரின் சங்கிலியை அடகு வைப்பதா, காரை வந்த விலைக்குக் கொடுத்துவிட்டு முச்சக்கர வண்டிக்கு மாறுவதா என்று ஆலோசனை கேட்கவே வந்தார்.

மனிபோல்ட்டில் எண்ணெய் இருந்தது என்பது ஒரு தகவல். அதில் எவருக்கும் மறுப்பில்லை. அது எந்த வழியால் அங்கே வந்தது என்பது வேறு கேள்வி. முதலாவதைக் கண்டவுடன் இரண்டாவதற்கும் விடை கிடைத்துவிட்டதாக எண்ணுவதுதான் சிக்கல். செய்தியாசிரியர் மேசையில் இருந்தபோது, இளம் நிருபர்கள் கொண்டுவரும் பிரதிகளில் நான் அதிகம் திருத்தியது இந்த இடத்தைத்தான்.

எஞ்சின் ஒன்றுக்குள் பெற்றோலும் காற்றும் எரியும்போது எழும் அழுத்தம் பிஸ்ரனைக் கீழே தள்ளுகிறது. பிஸ்ரனைச் சுற்றியுள்ள வளையங்கள் எவ்வளவு புதியனவாக இருந்தாலும், எரிந்த வாயுவில் ஒரு சிறு பகுதி அவற்றைக் கடந்து கீழே ஒயில் இருக்கும் அறைக்குள் நுழைந்துவிடும். அது அங்கே தங்கினால் அமுக்கம் கூடி ஒயில் சீல்களை வெளியே தள்ளிவிடும். ஆதலால் அது வெளியேற ஒரு வழி வேண்டும். பழைய கார்களில் இதற்கென ஒரு குழாய் தரையை நோக்கித் திறந்திருந்தது. புகை வீதியில் போயிற்று. லொஸ் ஏஞ்சலிஸ் நகரின் புகைமூட்டத்துக்கு மோட்டார் வாகனங்களே முக்கிய காரணம் என்பதை ஹாகன் ஸ்மிட் என்ற இரசாயனவியலாளர் 1950களில் எடுத்துக்காட்டிய பின்னர், இந்தக் குழாயை மூடவேண்டும் என்ற நிலை உருவாயிற்று. 1960களின் தொடக்கத்தில் கலிபோர்னியா மாநிலம் அதனைக் கட்டாயமாக்கியது. அந்தப் புகையை வெளியே விடாமல் மீண்டும் எஞ்சினே உறிஞ்சி எரித்துவிட வேண்டும். அதற்காக வந்ததுதான் பிசிவி வால்வு. பெருவிரல் அளவான ஒரு சிறு உருளை. உள்ளே ஒரு சுருள்வில்லும் அசையும் ஊசியும். ஒரு முனை எஞ்சினின் தலைமேல் மூடியில் செருகப்பட்டிருக்கும். மறு முனையிலிருந்து ஒரு றப்பர் குழாய் இன்ரேக் மனிபோல்ட்டுக்குப் போகும்.

அதாவது, எண்ணெய்ப் புகை மனிபோல்ட்டுக்குப் போவதற்கென்றே தயாரிப்பாளர்கள் ஒரு பாதை அமைத்திருக்கிறார்கள். ஓரளவு எண்ணெய்ப் படிவு அங்கே இருப்பது இயல்பு. துடைத்தால் துணியில் கறை படியும் அளவுக்கு எந்தப் பழைய காரிலும் இருக்கும். தேங்கி நிற்குமானால்தான் விசாரிக்க வேண்டும்.

மாஸ்ரரைக் கோண்டாவில் பக்கம் இருக்கும் ஒரு முதிய மெக்கானிக்கிடம் அழைத்துச் சென்றேன். எழுபதைத் தாண்டியவர். நான் அவரை அண்ணை என்று அழைப்பேன். 1990 முதல் 1995 வரையான பொருளாதாரத் தடைக்காலத்தில் யாழ்ப்பாணத்தின் ஒஸ்ரின், மொறிஸ் கார்களை மண்ணெண்ணெயில் ஓடவைத்த தலைமுறையைச் சேர்ந்தவர். சில துளி பெற்றோலைக் காபரேற்றருக்குள் விட்டு எஞ்சினை இயக்கி, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். முழுமையாக எரியாத மண்ணெண்ணெய் சிலிண்டர் சுவரில் வழிந்து கீழே ஒயிலுடன் கலந்துவிடும். அளவுக்கம்பியை இழுத்துப் பார்த்தால் ஒயில் குறைவதற்குப் பதிலாகக் கூடியிருக்கும்! கூடியது ஒயில் அல்ல என்பதை மூக்கால்தான் அறியலாம். இன்றும் அண்ணை எந்தக் காரைத் தொட்டாலும் முதலில் அளவுக்கம்பியை இழுத்து மணந்து பார்ப்பார். அன்றும் அதனையே செய்தார். ஒயிலின் மட்டம் மேற்கோட்டைத் தாண்டவில்லை. பெற்றோல் வாடையும் இல்லை. அளவுக்கு மிஞ்சி ஒயில் ஊற்றியிருந்தால் சுழலும் தண்டு அதனைக் கடைந்து நுரையாக்கி, அந்த நுரை குழாய் வழியே மனிபோல்ட்டுக்குப் போய்விடும். சேர்விஸ் செய்யும் பையன்கள் ஒரு லீற்றர் கூடுதலாக ஊற்றிவிட்டு, எஞ்சின் பழுது என்று கார் திரும்பி வந்த கதைகள் அவரிடம் பல உண்டு.

அடுத்து அவர் கேட்ட கேள்விதான் இக்கட்டுரையை எழுதத் தூண்டியது.

"ஒயில் கிடந்தது திறொட்டிலுக்கு முன்னாலயோ, பின்னாலயோ மாஸ்ரர்?"

மாஸ்ரருக்குத் தெரியவில்லை. முந்திய கராஜில் அதனை யாரும் கவனித்ததாகவும் சொல்லவில்லை. அண்ணை எயார் கிளீனரிலிருந்து வரும் தடித்த குழாயைக் கழற்றினார். உள்ளே வெள்ளைத் துணியை விட்டுத் துடைத்தார். தூசி மட்டுமே வந்தது. பின்னர் திறொட்டிலைக் கழற்றி ரோர்ச் வெளிச்சத்தில் மனிபோல்ட்டைப் பார்த்தார். பிசிவி குழாய் வந்து சேரும் துவாரத்திலிருந்து கீழ்நோக்கி ஒயில் வழிந்த தடம் தெளிவாகத் தெரிந்தது.

இதன் பொருளை அவர் விளக்கினார். றிங் தேய்ந்து எரிவாயு பெருமளவில் கீழே இறங்கினால், சிறிய பிசிவி வால்வு அத்தனையையும் உறிஞ்ச முடியாது. மிஞ்சியது, எஞ்சின் தலை மூடியிலிருந்து எயார் கிளீனர் பக்கம் போகும் மற்றைய குழாயால் பின்னோக்கித் தள்ளப்படும். அப்போது திறொட்டிலுக்கு முன்னால் உள்ள பாதை நனையும். சில வேளைகளில் எயார் கிளீனர் பெட்டியே ஒயிலில் மிதக்கும். பிசிவி வால்வு அடைபட்டாலும் இதேதான் நடக்கும். மாறாக, முன்பக்கம் உலர்ந்தும் பின்பக்கம் நனைந்தும் இருந்தால், யாரோ ஒயிலை அளவுக்கு மிஞ்சி உறிஞ்சுகிறார்கள் என்று அர்த்தம். அந்த 'யாரோ' பெரும்பாலும் திறந்தபடி இறுகிப்போன பிசிவி வால்வு.

"புகை எப்ப வாறது? காலமை ஸ்ராட் பண்ணேக்கையோ, ஏத்தத்தில இழுக்கேக்கையோ?"

"அப்பிடிப் பெரிசா ஒண்டும் இல்லை அண்ணை. பின்னால வந்த பொடியன் ஒருத்தன் லேசா நீலமா இருக்கெண்டு சொன்னவன். நிக்கேக்கை நடுக்கம்தான் கூட. ஆயிரம் கிலோமீற்றருக்கு அரை லீற்றர் ஒயில் விடவேண்டியிருக்கு."

புகை எப்போது வருகிறது என்பது தற்செயலான கேள்வி அல்ல. இரவு முழுவதும் நின்ற காரைக் காலையில் இயக்கியதும் நீலப்புகை ஒரு தடவை பொங்கி, பிறகு தெளிந்துவிட்டால், வால்வுத் தண்டுகளின் றப்பர் சீல்கள் இறுகிவிட்டன. இரவில் ஒயில் தண்டு வழியே சொட்டியிருக்கிறது. நீண்ட தூரம் அக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்து ஓடிவந்து மறுபடி மிதிக்கும்போது புகைத்தாலும் சந்தேகம் அந்தப் பக்கமே. பாரம் இழுக்கும்போதெல்லாம் இடைவிடாமல் புகைத்தால் றிங்கைப் பார்க்க வேண்டும். மாஸ்ரரின் கார் இந்த மூன்றிலும் சரியாகப் பொருந்தவில்லை.

பின்னர் எஞ்சினை இயக்கி, ஒயில் ஊற்றும் மூடியைத் திறந்து, அந்த வாயின்மேல் ஒரு துண்டுக் காகிதத்தை வைத்தார். ஆரோக்கியமான எஞ்சினில் காகிதம் மெதுவாக உள்ளிழுக்கப்பட்டு ஒட்டிக்கொள்ளும். றிங் போன எஞ்சினில் துள்ளிப் பறக்கும். இங்கே காகிதம் படீரென்று ஒட்டிக் குழிந்தது. உறிஞ்சல் மிகை. பிசிவி குழாயைக் குறட்டால் நசித்துப் பிடித்தார். நடுங்கிக்கொண்டிருந்த எஞ்சின் உடனே சீராக ஓடத் தொடங்கியது. குறட்டை விட்டார், மீண்டும் நடுங்கியது. மாஸ்ரரின் முகத்தில் பல நாட்களின் பின் ஒரு தெளிவு வந்ததை அப்போதுதான் கண்டேன்.

காரணம் எளிது. நிற்கும் நிலையில் ஓடும் பெற்றோல் எஞ்சினின் மனிபோல்ட்டில், கடல் மட்டத்துக்குக் கிட்டிய நம் ஊரில், ஏறக்குறைய 18 முதல் 22 அங்குலப் பாதரச அளவான வெற்றிடம் இருக்கும். அவ்வளவு வலுவான இழுவையில் பிசிவியின் ஊசி இழுபட்டுப் பாதையைச் சுருக்கிக்கொள்ள வேண்டும். அது நடுவில் இறுகி நின்றுவிட்டால், தேவையற்ற காற்றும் ஒயிலும் கட்டுப்பாடின்றி உள்ளே போகும். காற்றால் நடுக்கம், ஒயிலால் மனிபோல்ட்டில் தேக்கம். இரண்டு நோய்களாகத் தோன்றியவற்றுக்கு மூலம் ஒன்றே.

வால்வைக் கழற்றிக் குலுக்கினார். கடகடவென்ற சத்தம் இல்லை. இரு முனைகளிலும் வாய்வைத்து ஊதிப் பார்த்தார். இரு பக்கமும் ஒரே மாதிரிப் போயிற்று. எஞ்சின் பக்கமிருந்து ஊதினால் இலகுவாகவும், மனிபோல்ட் பக்கமிருந்து ஊதினால் சிரமத்துடனும் போக வேண்டும். குலுக்கும்போது சத்தம் வந்தாலே வால்வு நல்லது என்று சொல்பவர்கள் உண்டு. அது போதாது என்பது அண்ணையின் கருத்து. வில் தளர்ந்திருந்தாலும் சத்தம் வரும்.

நான் எதிர்பார்க்காத ஒன்றை அவர் அடுத்துச் செய்தார். காரணம் கண்டுபிடிக்கப்பட்ட பின்னரும் கொம்பிரஷன் பார்க்க வேண்டும் என்றார். "வால்வும் பழுது, றிங்கும் பழுது எண்டா என்ன செய்யிறது? பிறகு மாஸ்ரர் என்னைத்தான் பேசுவார்." நான்கு பிளக்குகளையும் கழற்றினார். நான்கும் ஒரேவிதமான கபில நிறம். எதிலும் ஈரக் கறுப்பு இல்லை. பெற்றோலையும் மின்பொறியையும் துண்டித்துவிட்டு, அக்சிலரேட்டரை முழுவதுமாக மிதித்தபடி ஸ்ராட்டரைச் சுழற்றுமாறு மாஸ்ரருக்குச் சொன்னார். அக்சிலரேட்டரை மிதிக்காமல் அளப்பவர்கள் பலர். காற்று உள்ளே போகாமல் அளவு குறைவாகக் காட்டும். நல்ல எஞ்சினுக்கும் மரண தண்டனை கிடைக்கும். அளவுகள் 170, 168, 172, 165 பிஎஸ்ஐ என வந்தன. இந்த வயதுக்கு மெச்சத்தக்க அளவு. முக்கியமானது, நான்கும் ஒன்றுக்கொன்று நெருங்கியிருப்பது.

ஆனாலும் இந்த அளவீட்டுக்கும் ஓர் எல்லை உண்டு. பிஸ்ரனில் மேலே இருக்கும் வளையங்கள் அமுக்கத்தைக் காப்பவை. கீழே உள்ளது ஒயிலை வழித்தெடுப்பது. மேல் வளையங்கள் நன்றாக இருந்து, ஒயில் வளையம் மட்டும் கரிபிடித்து இறுகியிருந்தால், கொம்பிரஷன் நன்றாகவே காட்டும். கார் ஒயிலையும் குடிக்கும். அதனால் வால்வை மாற்றிவிட்டு ஆயிரம் கிலோமீற்றர் ஓடிப் பார்த்த பின்னரே முடிவு சொல்லலாம் என்றார்.

புதிய வால்வுக்குச் சில ஆயிரம் ரூபாய்தான். நடுக்கம் அன்றே நின்றது. மனிபோல்ட்டைத் துடைத்துச் சுத்தம் செய்து அனுப்பினார். மூன்று வாரங்களின் பின் திறந்து பார்த்தபோது எண்ணெய் வெகுவாகக் குறைந்திருந்தது. ஆயினும் ஈரம் முற்றாக நிற்கவில்லை. மாஸ்ரர் சோர்ந்துபோனார். அண்ணை சோரவில்லை. எஞ்சினின் தலைமேல் மூடியை, அதாவது ரப்பெற் கவரை, கழற்றிக் கவிழ்த்தார். பிசிவி வால்வு செருகப்படும் இடத்துக்குக் கீழே ஒரு தகட்டுத் தடுப்பு இருக்கும். தெறிக்கும் ஒயிலைத் தடுத்து, புகையை மட்டும் மேலே விடுவது அதன் வேலை. தடுப்பில் சேரும் ஒயில் வடிந்து இறங்கச் சிறு துவாரங்கள் உண்டு. அவை கறுத்த களிம்பால் முற்றாக மூடப்பட்டிருந்தன. வடிய வழியில்லாத ஒயில் அங்கே குளமாக நிற்க, எந்த வால்வாக இருந்தாலும் அதனை உறிஞ்சத்தானே செய்யும்?

இந்தக் களிம்பு எப்படி வந்தது என்பதற்கும் ஒரு வரலாறு இருக்கிறது. 2022ஆம் ஆண்டு எரிபொருள் நெருக்கடியின்போது கார் மாதக்கணக்கில் முற்றத்தில் நின்றது. ஜூலையில் கியூஆர் முறை வந்து காருக்கு வாரம் 20 லீற்றர் என்று நிர்ணயிக்கப்பட்ட பின்னரும், மாஸ்ரர் வைத்தியசாலைப் பயணம் தவிர வேறெதற்கும் காரை எடுக்கவில்லை. நான்கைந்து கிலோமீற்றர் ஓட்டம். எஞ்சின் முழுமையாகச் சூடேறு முன்னரே நிறுத்தம். எரிவாயுவுடன் வரும் நீராவி உள்ளே குளிர்ந்து ஒயிலுடன் கலந்து களிம்பாகும். நெடுந்தூரம் ஓடினால் அந்த நீர் ஆவியாகிப் போய்விடும். குறுந்தூரம் ஓடினால் தங்கிவிடும். ஒயில் விலை ஏறியபடியால் அதனை மாற்றும் நாளையும் அவர் தள்ளிப்போட்டிருந்தார். அந்நாட்களில் யார்தான் தள்ளிப்போடவில்லை? குறைவாக ஓடிய கார் நன்றாக இருக்கும் என்று விளம்பரங்களில் எழுதுகிறோம். குறைவாக ஓடிய கார்தான் சில வேளைகளில் உள்ளே அதிகம் அழுகியிருக்கிறது.

மூடியை ஓர் இரவு மண்ணெண்ணெயில் ஊறவைத்து, மறுநாள் காற்றடித்துத் துவாரங்களைத் திறந்தார்கள். கீழே இருந்த கஸ்கற்றும் புதியது போடப்பட்டது. அதன் பின்னர் ஆயிரம் கிலோமீற்றர் ஓடி அளவுக்கம்பியைப் பார்த்தபோது குறைவு கண்ணுக்குத் தெரியவில்லை. அடகு வைக்கப்படவிருந்த சங்கிலி கழுத்திலேயே இருந்தது. முதலில் தீர்ப்புச் சொன்ன கராஜ்காரரை ஏமாற்றுப் பேர்வழி என்று நான் சொல்லமாட்டேன். சிறு பழுதைத் திருத்திக் கொடுத்து, கார் திரும்பி வந்தால் பெயர் கெடும் என்ற பயம் அவர்களுக்கும் உண்டு. முழுவதையும் கழற்றிப் பூட்டினால் அந்தப் பயம் இல்லை. அந்தப் பயத்துக்கான செலவை வாடிக்கையாளர் ஏற்கிறார் என்பதுதான் என் முறைப்பாடு.

டீசல் வாகனம் வைத்திருப்பவர்கள் இதனை இன்னும் கவனமாகப் பார்க்க வேண்டும். ரேர்போ பொருத்திய டீசல் எஞ்சினில் ரேர்போவின் சீல் பழுதடைந்தால் ஒயில் காற்றுப் பாதையில் சேரும். டீசல் எஞ்சினுக்கு எரிய மின்பொறி தேவையில்லை. உள்ளே போகும் ஒயிலே எரிபொருளாகிவிடும். சாவியைத் திருகி நிறுத்தினாலும் நிற்காமல், வேகம் ஏறி ஏறி எஞ்சின் சிதறிய சம்பவங்கள் உலகெங்கும் உண்டு. அங்கே மனிபோல்ட்டில் ஒயில் தேங்கியிருப்பதைக் கண்டால், காரணம் தெரியும்வரை வாகனத்தை ஓட்டாமல் வைப்பதே நல்லது.

எல்லாக் கதையும் மாஸ்ரரின் கதைபோல முடிவதில்லை என்பதையும் எழுதியாக வேண்டும். அதே ஆண்டு, வாடகைக்கு ஓடும் ஒரு பெற்றோல் வானை அதன் உரிமையாளரான இளைஞர் அண்ணையிடம் கொண்டுவந்தார். மாஸ்ரரின் காருக்குச் சில ஆயிரத்துடன் முடிந்ததைக் கேள்விப்பட்டு, தனக்கும் ஒரு பிசிவி வால்வு வாங்கிக் கையோடு வைத்திருந்தார். எயார் கிளீனர் பெட்டியைத் திறந்ததும் உள்ளே ஒயில். திறொட்டிலுக்கு முன்னால் உள்ள குழாய் முழுவதும் நனைந்திருந்தது. காகிதம் வைத்த கணத்தில் பறந்து அண்ணையின் தோளில் விழுந்தது. மூன்றாவது சிலிண்டரில் கொம்பிரஷன் 95 பிஎஸ்ஐ. அதற்குள் ஒரு தேக்கரண்டி ஒயில் விட்டு மறுபடி அளந்தபோது 140க்கு ஏறியது. வால்வில் ஒழுக்கு இருந்திருந்தால் அப்படி ஏறாது. ஒயில் வந்து இடைவெளியை அடைத்தது றிங் இருக்கும் இடத்தில்தான்.

"தம்பி, இதுக்கு எஞ்சின் செய்யத்தான் வேணும்" என்றார் அண்ணை. இளைஞர் கையிலிருந்த வால்வுப் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். மாற்றிப் பார்த்தால் என்ன என்று இரண்டு தடவை கேட்டார். அண்ணை மறுபடியும் அளவுமானியைப் பூட்டி, ஊசி 95இல் நிற்பதை அவரையே வாசிக்கச் சொன்னார். எஞ்சின் இறக்கப்பட்டது. மூன்றாவது பிஸ்ரனின் வளையங்கள் கரியில் ஒட்டிக்கிடந்தன. அவற்றில் ஒன்று இரண்டாக உடைந்திருந்தது. வான் மீண்டும் ஓடப் பதினேழு நாட்கள் பிடித்தன. வாங்கி வந்த பிசிவி வால்வையும் அதிலேயே பூட்டிவிட்டார்கள்.